வினாவிடையும் வழக்குரையும்

இந்த நூற்றாண்டு மலருக்குச் சமயமும் அன்றாட வாழ்க்கையும் பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கத்தினர் கேட்டபோது, முப்பது வருடங்களுக்கு மேலாகச் சைவநெறியும் இந்து நாகரிகமும் கற்பித்தவள் என்ற முறையில் உடனே சம்மதித்துவிட்டேன். எழுத உட்கார்ந்தபோது ஒரு பழைய கேள்வி நினைவுக்கு வந்தது. மற்ற எல்லாவற்றையும் அது ஒதுக்கிவிட்டது.

எழுபதுகளில் ஒரு வைகாசி மாதம். நாங்கள் எட்டாம் வகுப்பு. கொழும்பு விவேகானந்த சபை நடத்தும் சைவசமயப் பரீட்சைக்கு எங்கள் சமய ஆசிரியை எங்களை ஆயத்தப்படுத்திக்கொண்டிருந்தார். பெண்களுக்குரிய நற்குணங்களைக் கரும்பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினார். முதலாவதாக இருந்தது பொறுமை. விடுதியில் தங்கிப் படித்த படுவான்கரைப் பிள்ளை ஒருத்தி, ஊரில் குளிர்த்திச் சடங்கு முடிந்து முதல்நாள்தான் திரும்பியிருந்தாள். அவள் எழுந்து நின்று கேட்டாள்: "டீச்சர், பொறுமைதான் பெண்ணுக்கு முதல் குணம் எண்டா, கண்ணகை அம்மன் ஏன் மதுரையை எரிச்சா? அவவை ஏன் நாங்க கும்பிடுறம்?"

வகுப்பு சிரித்தது. ஆசிரியை சிரிக்கவில்லை. சற்று நேரம் யோசித்துவிட்டு, "அதுக்கு நம்மட புத்தகத்தில விடை இல்லை மகள். உன்ட ஊர்க் கட்டாடியாரிட்டக் கேட்டுப் பார்" என்றார். மணி அடித்தது, பாடம் முடிந்தது. அன்று அதை நாங்கள் பகிடியாகவே எடுத்துக்கொண்டோம். அந்தப் பதிலுக்குள் வாவிக்கரைப் பெண்களின் சமயக் கல்வி வரலாறு முழுவதும் இருக்கிறது என்பதை விளங்கிக்கொள்ள எனக்குப் பல வருடங்கள் சென்றன. நமக்கு இரண்டு பள்ளிக்கூடங்கள் இருந்தன. ஒன்று வினாவிடையைக் கற்பித்தது. மற்றது வழக்குரையைக் கற்பித்தது.

வினாவிடை வந்த வழி

வெசுலியன் மிஷனைச் சேர்ந்த வில்லியம் ஓல்ட் 1814 ஆம் ஆண்டில் மட்டக்களப்புக்கு வந்தார். ஒரு வருடம் நிறைவதற்குள், 1815 இல், இங்கேயே காலமானார். அவர் தொடங்கிவைத்த கல்விப் பணி நிலைத்தது. மெதடிஸ்த மத்திய கல்லூரி தன் வரலாற்றை 1814 இலிருந்து கணக்கிடுகிறது. வின்சென்ட் பெண்கள் பாடசாலை 1820 இலிருந்து கணக்கிடுகிறது. யாழ்ப்பாணத்தில் உடுவில் மகளிர் கல்லூரி 1824 இல் தொடங்கியது. பெண்பிள்ளைக்கு எழுத்தறிவு தேவை என்பதை இந்த நாட்டில் முதலில் நடைமுறையில் காட்டியவர்கள் மிஷனரிமார் என்பதை நன்றியோடு சொல்ல வேண்டும். நம்முடைய பாட்டிமார் பலர் அந்த வகுப்பறைகளிலேதான் முதலில் எழுதப் பழகினார்கள்.

ஆனால் சைவப் பெற்றோருக்கு ஒரு பயம் இருந்தது. எழுத்தோடு சமயமும் மாறிவிடுமோ என்ற பயம் அது. ஆண்பிள்ளை என்றால் உத்தியோகத்துக்காகத் துணிந்து அனுப்பினார்கள். பெண்பிள்ளையை வீட்டில் நிறுத்திக்கொண்டார்கள். பயத்தின் விலையைக் கொடுத்தவர்கள் பெண்கள்.

இந்தப் பயத்துக்கு மருந்து கண்டவர் ஆறுமுக நாவலர். 1822 இல் நல்லூரில் பிறந்த அவர், பேர்சிவல் பாதிரியாரின் வெசுலியன் பாடசாலையில் படித்து, அங்கேயே கற்பித்து, விவிலிய மொழிபெயர்ப்பிலும் அவருக்கு உதவியவர். மிஷன் பாடசாலை எப்படி இயங்குகிறது என்பதை உள்ளிருந்தே கண்டவர். 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அச்சியந்திரம் வைத்தார். பாலபாடங்களை எழுதினார். சைவ வினாவிடையை எழுதினார். கேள்வி ஒன்று, அதற்குரிய விடை ஒன்று. பிள்ளை இரண்டையும் மனனம் செய்யும். கடவுள் யார், திருநீறு எது, எப்படி எழுந்திருப்பது, எப்படி உண்பது, யாரிடம் எப்படிப் பேசுவது என்று வாழ்க்கையின் ஒவ்வொரு படிக்கும் தெளிவான விடை இருந்தது. பூசகர் நாவிலும் புராண படனத்திலும் மட்டும் இருந்த சமயம், பிள்ளையின் கைக்கு அடங்கும் புத்தகமானது.

அவர் வழியில் மற்றவர்கள் தொடர்ந்தார்கள். யாழ்ப்பாணத்தில் சைவ பரிபாலன சபை 1888 இல் உருவானது. சுவாமி விவேகானந்தர் 1897 ஜனவரியில் கொழும்பில் வந்து இறங்கினார். அந்த எழுச்சியின் பயனாக 1902 இல் கொழும்பு விவேகானந்த சபை தோன்றியது. அச்சபையின் சான்றிதழை இந்த மலரை வாசிக்கும் எத்தனையோ பேர் இன்றும் பத்திரமாக வைத்திருப்பீர்கள். கனடாவுக்குப் போகும்போதும் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு போன ஒருத்தியை எனக்குத் தெரியும். சைவப் பெண்களுக்கென்று சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913 இல் மருதனார்மடத்தில் ஒரு கல்லூரியைத் தொடங்கினார்.

மட்டக்களப்புக்கு அந்த அலை சற்றுப் பிந்தியே வந்தது. 1925 இல் சுவாமி விபுலானந்தர் இராமகிருஷ்ண மிஷன் துறவியாக இலங்கைக்குத் திரும்பி, கல்விப் பணியை ஏற்றார். அதற்கு முந்திய வருடம்தான் கல்லடிப் பாலம் திறக்கப்பட்டிருந்தது. பாலம் வந்த காலமும் நம்மவர் பாடசாலைகள் பெருகிய காலமும் ஏறத்தாழ ஒன்றே. இரண்டும் பிள்ளைகளைக் கரையேற்றின என்று எங்கள் அதிபர் ஒருவர் பரிசளிப்பு விழாக்களில் சொல்வார்.

காலைத் தேவாரம், வெள்ளிக்கிழமைப் பூசை, மார்கழியில் திருவெம்பாவை, நவராத்திரியில் வாணி விழா. இவை நடக்கும் இடம் என்று தெரிந்ததும் பெற்றோரின் பயம் போனது. பெண்பிள்ளைகள் வந்தார்கள். சமயம் கற்பதற்காக என்று அனுப்பப்பட்டவர்கள் கணிதமும் விஞ்ஞானமும் கற்றார்கள். வினாவிடையை நான் ஒருபோதும் குறைத்துச் சொல்லமாட்டேன். அதுதான் நமக்குக் கதவைத் திறந்தது.

கோயில் வாசலில் கேட்ட பாடம்

மற்றப் பள்ளிக்கூடத்துக்குக் கட்டடம் இல்லை. வருடத்தில் சில நாட்கள் மட்டுமே நடக்கும். காரைதீவு, தம்பிலுவில், செட்டிபாளையம், ஆரையம்பதி என்று வாவியை ஒட்டியும் அதற்குத் தெற்கேயும் கண்ணகை அம்மன் கோயில்கள் இருக்கின்றன. இவற்றுள் தெற்கிலுள்ளவை இன்று அம்பாறை மாவட்டத்தைச் சேர்ந்தவை. ஆனாலும் 1961 வரை எல்லாம் மட்டக்களப்பு மாவட்டமே. வழிபாட்டில் இன்றும் ஒரே நாடுதான். வைகாசியில் கோயிற் கதவு திறக்கும். கலியாணக்கால் நடுவார்கள். இரவில் ஏடு விரித்துக் கண்ணகி வழக்குரை பாடுவார்கள். பெண்கள் குரவையிடுவார்கள். இறுதியில் குளிர்த்தி, பிறகு கதவு அடைக்கப்படும்.

என் அம்மம்மாவுக்குத் தன் பெயரை எழுதத் தெரியாது. ஆனால் வழக்குரையில் எந்தக் காதைக்குப் பின் எந்தக் காதை வரும் என்பது தெரியும். சிலம்புக்கு மணி தேடிக் கப்பல் போன கதையிலிருந்து மதுரை எரிந்த கதைவரை பாயில் படுத்தபடி எங்களுக்குச் சொல்லியிருக்கிறார். தலைமுறை தலைமுறையாக ஏட்டிலிருந்த அந்தக் காவியத்தை மண்டூரைச் சேர்ந்த பண்டிதர் வி. சீ. கந்தையா 1968 இல் பதிப்பித்து நூலாக்கினார். 1964 இல் வெளிவந்த அவருடைய 'மட்டக்களப்புத் தமிழகம்' நம்மவர் ஒவ்வொருவர் வீட்டிலும் இருக்க வேண்டிய நூல்.

அந்தக் காவியத்தின் பெயரைக் கவனியுங்கள். கண்ணகியின் திருமணத்தாலோ துயரத்தாலோ அது பெயர் பெறவில்லை. அவள் உரைத்த வழக்கால் பெயர் பெற்றது. அவள் அழுதுகொண்டு மட்டும் அரண்மனைக்குப் போகவில்லை. கையில் ஒற்றைச் சிலம்போடு போனாள். அரசியின் சிலம்பில் முத்து. தன் சிலம்பில் மாணிக்கம். அதை உடைத்துக் காட்டினாள். ஆராயாமல் தீர்ப்புச் சொன்ன அரசன் தன் பிழையைத் தானே உணர்ந்து உயிர் விட்டான். தீயை ஏவியபோதும், சிலப்பதிகாரம் சொல்கிறபடி, முதியோரையும் குழந்தைகளையும் அறவோரையும் பசுக்களையும் விலக்கச் சொன்னாள். கேள்விக்குச் சான்று இருந்தது. கோபத்துக்கு எல்லை இருந்தது.

பாண்டிருப்புக்கு வாருங்கள். அங்கே திரௌபதை அம்மன் கோயில். பதினெட்டு நாள் சடங்கில் பாரதக் கதை நடக்கும், முடிவில் தீமிதிப்பு. அந்த அம்மனும் ஓர் அரச சபையில் கேள்வி கேட்டவள். தன்னையே தோற்றுவிட்ட ஒருவன் இன்னொருத்தியைப் பணயம் வைக்க முடியுமா என்று கேட்டாள். பீஷ்மர் முதலான பெரியவர்கள் இருந்த சபை அது. தருமம் நுட்பமானது என்று சொன்னார்கள். விடை சொல்லவில்லை.

நம் கரையில் பெருஞ்சடங்கு பெறும் இந்த இரண்டு தாய்மாரும் அரச சபையில் நின்று கேள்வி கேட்ட பெண்கள். வினாவிடையில் கேள்வி கேட்பவருக்கு விடை முன்பே தெரியும். வழக்குரையில் அப்படி இல்லை. அங்கே விடை சொல்லக் கடமைப்பட்டவர் எதிரே சிம்மாசனத்தில் இருக்கிறார்.

புத்தகத்தில் சேராத அம்மன்

இந்த இரண்டு பள்ளிக்கூடங்களும் ஒன்றையொன்று அறியாமல் இருந்தன என்று சொல்ல முடியாது. நாவலர் கண்ணகி வழிபாட்டை ஏற்கவில்லை. ஆகமத்தில் இல்லாத, சமண நூலில் வரும் வணிகப் பெண்ணைச் சைவர் வணங்குவது தகாது என்பது அவர் கருத்து. அந்தப் போக்கு வலுத்தபோது வடக்கில் பல கண்ணகி கோயில்கள் இராஜராஜேஸ்வரி, புவனேஸ்வரி என்று பெயர் மாறின. கிழக்கில் அது பெரிதாக நடக்கவில்லை. இங்கே கட்டாடியார்மார் ஏட்டைக் கீழே வைக்கவில்லை. தாய்வழியில் குடி எண்ணும் நாடு இது; கலியாணத்தில் வீட்டை மகளுக்கு எழுதும் நாடு. அம்மனின் பெயரை மாற்றச் சொல்லி இங்கு யாரும் எளிதில் வென்றிருக்க முடியாது.

ஆனால் வகுப்பறைக்குள் அம்மன் வரவில்லை. நாங்கள் படித்த சமய பாடத்தில் வேறு பெண்கள் இருந்தார்கள். அறுபத்துமூவரில் பெண்கள் மூவர்: காரைக்கால் அம்மையார், மங்கையர்க்கரசியார், இசைஞானியார். திலகவதியாரையும் சேர்த்து எழுதினால் புள்ளி போய்விடும், நினைவிருக்கும். அவர்களைக் கற்பித்த விதத்தை நான் இப்போது நினைத்துப் பார்க்கிறேன். மங்கையர்க்கரசியார் கணவரைத் திருத்திய நல்ல மனைவி. திலகவதியார் தம்பிக்காக வாழ்ந்த நல்ல தமக்கை. காரைக்கால் அம்மையார் மாங்கனி அதிசயத்தால் கணவனை வியக்க வைத்தவர். அந்த அம்மையார் தேவார மூவருக்கும் முந்திய பெருங்கவிஞர் என்பதையும், அழகிய உடலை உதறிவிட்டுப் பேயுருவை வேண்டிப் பெற்றவர் என்பதையும் ஒரு வரியில் கடந்துபோனோம். பல்லவ அரசனின் ஆணையை மறுத்து அப்பர் பாடிய பதிகத்தை இராகத்தோடு ஒப்புவித்தோம். அதன் அஞ்சாமை எங்களுக்கும் உரியது என்று யாரும் சொல்லவில்லை.

குற்றம் நூல்களுடையது அன்று. அந்த அடியார்களின் வரலாறுகளில் கேள்வியும் துணிவும் நிறைய இருக்கின்றன. எதை அடிக்கோடிட வேண்டும் என்று தீர்மானித்தவர்கள் நாங்கள், ஆசிரியர்கள். பொறுமை, அடக்கம், அமைதி என்று அடிக்கோடிட்டோம். நானும் இட்டேன்.

காரைதீவிலிருந்து ஒருவர்

இரண்டு பள்ளிக்கூடங்களிலும் படித்தவர் ஒருவர் இருந்தார். சுவாமி விபுலானந்தர் 1892 இல் கண்ணகை அம்மன் ஊரான காரைதீவில் பிறந்தார். இளமைப் பெயர் மயில்வாகனன். தாயார் பெயர் கண்ணம்மையார். கல்முனையில் மெதடிஸ்த பாடசாலையிலும் மட்டக்களப்பில் கத்தோலிக்கரின் புனித மிக்கேல் கல்லூரியிலும் கற்றார். மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதரானார். இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரியும் ஆனார். 1924 இல் சென்னையில் துறவு பூண்டார். 1929 இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தைத் திறந்தார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியராக இருந்தார்.

இவ்வளவு படித்த துறவி, வாழ்வின் பிற்பகுதியை எதில் செலவிட்டார்? சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் வரும் இசைக் குறிப்புகளில். பல வருட ஆராய்ச்சியின் பின் 'யாழ் நூல்' 1947 ஜூன் மாதத்தில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது. அடுத்த மாதம், ஜூலை 19 அன்று, அவர் மறைந்தார். அம்மன் கதையை ஊர்ச் சடங்கு என்று தள்ளிவிடாமல், அதன் மூலக் காவியத்துக்குள் புகுந்து பழந்தமிழரின் இசை அறிவை வெளியே கொண்டுவந்தார். காரைதீவுப் பிள்ளை காரைதீவை மறக்கவில்லை.

அவருடைய சமய போதனை எப்படிப்பட்டது என்பதற்கு, கல்லடியில் அவர் சமாதியில் பொறிக்கப்பட்டிருக்கும் பாடலே சாட்சி. இறைவனுக்கு உகந்த மலர் எது என்று கேட்கும் பாடல் அது. நாம் சிறுவயதில் எல்லோரும் பாடினோம். தோட்டத்துப் பூக்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக் கேட்டுவிட்டு, உள்ளமும் கூப்பிய கையும் விழியுமே அவன் விரும்பும் மலர்கள் என்று விடை சொல்கிறார். அதுவும் வினாவிடைதான். ஆனால் அங்கே ஆணுக்கு ஒரு மலர், பெண்ணுக்கு ஒரு மலர் என்று இல்லை. பணமுள்ளவர் வாங்கக்கூடிய மலரும் இல்லை.

அவர் சார்ந்த மிஷனின் அன்னை சாரதாதேவியார், சகோதரி நிவேதிதை கல்கத்தாவில் 1898 இல் தொடங்கிய பெண்கள் பாடசாலையை ஆசீர்வதித்துத் திறந்துவைத்தவர். பாடசாலைக் கல்வி பெறாத கிராமத்துப் பெண். அம்ஜத் என்ற ஏழை முஸ்லிம் தொழிலாளி ஒருவர் அவர் வீட்டில் உண்டார். உண்ட இடத்தை அன்னை தம் கையாலேயே துப்புரவு செய்தார். சாதி போய்விடும் என்று பதறியவர்களிடம், தம்முடைய சீடர் எப்படித் தமக்குப் பிள்ளையோ, அம்ஜத்தும் அப்படியே என்றார். தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் அடுத்தடுத்து இருக்கும் நம் கரையில் இந்தக் கதையை இன்னும் அதிகமாகச் சொல்லியிருக்க வேண்டும்.

கேள்வி வீதிக்கு வந்த காலம்

பிறகு போர் வந்தது. 1990 செப்டெம்பர் 5 ஆம் திகதி வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் அடைக்கலம் புகுந்திருந்தவர்களில் 158 பேர் கொண்டுசெல்லப்பட்டார்கள், திரும்பவில்லை. அந்த வருடங்களில் இரண்டு சமூகங்களிலும் எத்தனையோ வீடுகள் வெறுமையாகின. நம்மோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள் தாய்மாராக, மனைவிமாராக முகாம் வாசல்களில் நின்றார்கள். வினாவிடையில் இதற்கு எந்த விடையும் இருக்கவில்லை.

அப்போது அவர்கள் போன இடம் அம்மன் கோயில். தெய்வம் ஆடுவோரிடம் வாக்குக் கேட்டார்கள். "இருக்கிறானா, இல்லையா?" என்ற ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். மூடநம்பிக்கை என்று சிலர் சொன்னார்கள். நானும் அப்படி நினைத்த காலம் உண்டு. பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள் வாய் திறக்காத காலத்தில், ஒரு தாய் அந்தக் கேள்வியைச் சத்தமாகக் கேட்கக்கூடிய இடம் அது ஒன்றுதான் என்பதைப் பின்னால் உணர்ந்தேன். அதே தாய்மார் பின்னர் கையில் படத்தோடும் கோப்போடும் ஆணைக்குழுக்களின் முன் போய் நின்றார்கள். பெயர், திகதி, இடம், கடைசியாகக் கண்டவர் யார் என்று ஒழுங்காகச் சொன்னார்கள். கேள்விக்குச் சான்று இருந்தது. இன்றும் நிற்கிறார்கள்.

எழுத்தைப் பாடசாலை கொடுத்தது. நிற்கும் துணிவைக் கொடுத்ததில் கோயிலுக்கும் பங்கு உண்டு.

குளிர்த்தியின் பொருள்

இனி என் பிழை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் கற்பிக்கத் தொடங்கிப் பல வருடங்களின் பின், என் பழைய மாணவி ஒருத்தி ஒரு மத்தியானம் என்னைத் தேடி வந்தாள். கலியாணமாகி இரண்டு வருடம். கண் வீங்கியிருந்தது. வீட்டில் ஏதோ என்று தொடங்கினாள். அவள் முடிப்பதற்கு முன் நான் சொன்னேன்: "பொறுத்துக்கொள் மகள். பொறுமைதான் நமக்கு ஆயுதம்." தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள். பத்து வருடங்களின் பின் ஆடி அமாவாசையன்று மாமாங்கத்தில் அவளைக் கண்டேன். தனியாகப் பிள்ளையை வளர்த்துக்கொண்டிருந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, கோபமில்லாமல் சொன்னாள்: "அண்டைக்கு என்ன நடந்ததெண்டு நீங்க ஒருக்காக் கேட்டிருந்தாலே போதும் டீச்சர்."

அந்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. எட்டாம் வகுப்பில் கேட்ட கேள்விக்கு விடை அப்போதுதான் கிடைத்தது. அது குளிர்த்தியில் இருக்கிறது.

குளிர்த்தி என்றால் என்ன? எரிந்து வந்த அம்மனைக் குளிர வைப்பது. மதுரையை எரித்துவிட்டு வந்தவளை ஆயர் பெண்கள் வெண்ணெயும் பாலும் கொண்டு ஆற்றினார்கள் என்பது நம் கதை. அதன் ஒழுங்கைப் பாருங்கள். முதலில் வழக்குரை பாடி முடிய வேண்டும். அதன் பிறகுதான் குளிர்த்தி. வழக்கைக் கேளாமல் யாரும் அம்மனைக் குளிரச் சொல்வதில்லை. இரவிரவாக ஊர் முழுவதும் விழித்திருந்து அவள் கதையைக் கேட்கிறது. கேட்டு முடிந்த பிறகு மஞ்சளும் வேப்பிலையும் சேர்ந்த தண்ணீரோடு அவளிடம் போகிறது. குளிர வைப்பது ஊரின் வேலை. எரிபவளின் வேலை அன்று.

பொறுமை என்று கரும்பலகையில் எழுதியபோது அந்த வேலையை எரிபவளின் தலையிலேயே வைத்துவிட்டோம். பொறுமை நல்ல குணம்தான். நோயாளிக்குப் பக்கத்தில் இருப்பவருக்கும், சிறு பிள்ளைக்குச் சோறூட்டுபவருக்கும், வழக்கைக் கேட்பவருக்கும் அது வேண்டும். கேட்பவரின் பொறுமைதான் முதலில் வேண்டியது. எனக்கு அன்று இல்லாதது அதுதான்.

இதை அன்றாட வாழ்க்கைக்குரிய சிறு நெறியாகவே சொல்கிறேன். மகள் வேலையிடத்திலிருந்தோ புகுந்த வீட்டிலிருந்தோ கோபத்தோடு வந்தால், முதலில் இருத்திக் கேளுங்கள். "என்ன நடந்தது?" என்ற கேள்விக்கு முன் புத்திமதி சொல்லாதீர்கள். நீங்கள் கேள்வி கேட்கப் போகும்போது சிலம்பைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். சான்றில்லாத குற்றச்சாட்டு வீண் தீ. கோபத்திலும் யாரைத் தொடக்கூடாது என்ற எல்லையை மறவாதீர்கள். தீர்ப்புச் சொல்லும் இடத்தில் இருந்தால், ஆராயாமல் சொல்லாதீர்கள்; பிழை தெரிந்தால் ஒப்புக்கொள்ளுங்கள். பாண்டியன் அந்த ஒரு செயலால்தான் இன்றும் மதிக்கப்படுகிறான். பிறகு குளிர்த்திக்குப் போங்கள். கோபத்தை வருடம் முழுவதும் எரிய விடுவதும் நம் வழக்கம் அன்று. கோயிற் கதவும் ஒருநாள் அடைக்கப்படுகிறது.

உலகின் பல மூலைகளிலிருந்து இதை வாசிக்கும் சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் உங்கள் பிள்ளைகள் வாரஇறுதி வகுப்புகளில் தேவாரமும் ஆத்திசூடியும் படிப்பதாக எழுதுகிறீர்கள். ஊரிலும் அறநெறிப் பாடசாலைகள் ஞாயிறுதோறும் நடக்கின்றன. மகிழ்ச்சி. அவற்றோடு கண்ணகை அம்மனின் கதையையும் முழுதாகச் சொல்லுங்கள்: வழக்குரையையும் சொல்லுங்கள், குளிர்த்தியையும் சொல்லுங்கள். பிள்ளை எழுந்து நின்று ஏன் என்று கேட்டால், விடை தெரியாவிட்டாலும் மணி அடிக்கும்வரை காத்திருக்காதீர்கள்.

எங்கள் ஆசிரியை இப்போது இல்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, கட்டாடியாரிடம் போய்க் கேள் என்ற அவருடைய நேர்மைக்கு இந்த மலரின் வழியாக வணக்கம் செலுத்துகிறேன். கேள்வி கேட்ட அந்தப் படுவான்கரைப் பிள்ளை எங்கிருந்தாலும், அவளுக்கும் என் நன்றி.